கிட் வாங்கினால்தான் வேலையா?

கேள்வி: பி.காம் முடித்திருக்கிறேன். 'சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை, சம்பளம் ரூ.18,000' என்ற விளம்பரத்தை நம்பி நாகர்கோவிலில் ஓர் இன்டர்வியூவுக்குப் போனேன். காலையில் வரச் சொல்லி, மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். சர்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'பைக் உண்டா? சொந்தக்காரங்க எத்தனை பேரு? லிஸ்ட் போடு' என்றார்கள். ஒருவர் பேனாவை நீட்டி, 'இதை எனக்கு வித்துக் காட்டு' என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. 'ஒனக்கு இது சரிப்படாதுடே' என்று சிரித்தவர்கள், 6,500 ரூபாய்க்கு கிட் வாங்கினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. கூட வந்த நண்பன் ஜிபேயில் கட்டிவிட்டான். நான் விற்பனை வேலைக்கு லாயக்கில்லையா?
- வாசகர், தக்கலை

பதில்: தம்பி, சரிப்படாது என்று உண்மையாகவே நினைத்திருந்தால் உங்களை அப்போதே அனுப்பியிருப்பார்கள். பணம் கட்டினால் சரிப்படுமாம்! அந்தத் தீர்ப்பை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொந்தக்காரர் பட்டியல் எதற்கு? முதலில் உங்கள் அத்தையும் சித்தப்பாவும் வாங்குவார்கள். பட்டியல் தீர்ந்ததும், 'இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துவிடு, உனக்குக் கமிஷன்' என்பார்கள். ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் இந்தப் பிரமிடு முறையை 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் தடைசெய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. நண்பர் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, உடனே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கட்டும். யாரையும் அதில் சேர்த்துவிட வேண்டாம்.

பேனா விஷயத்துக்கு வருகிறேன். அது விற்பனையில் பழைய கேள்விதான். மடமடவென்று பேசுவது அதற்குப் பதிலாகாது. வடசேரிச் சந்தையில் மட்டிப்பழம் விற்கிறவர், 'பச்சப்பிள்ளைக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் சீப்பில் கை வைப்பார். நீங்களும், 'சார், தினமும் எவ்வளவு எழுதுவீங்க? இப்போ எந்தப் பேனா வச்சிருக்கீங்க?' என்று தொடங்கலாம். அதிகம் பேசாதவர்களுக்கு இது நன்றாகவே வரும். நம் எழுத்தாளர் நாஞ்சில் நாடன் கணிதம் படித்து பம்பாய் போய், விற்பனைப் பிரிவில் ஊர் ஊராக அலைந்தவர். மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கும் குணம் அந்த வேலைக்கும் உதவியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள். 18,000-ல் நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு? பெட்ரோல் காசு யார் தருவது? எந்த லைன், அதாவது எந்தெந்த ஊர்களுக்குப் போக வேண்டும்? டார்கெட் எட்டாத மாதம் சம்பளம் பிடிப்பார்களா? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும். நியமனக் கடிதத்தைக் கையில் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். தனியார் துறை வேலை முகாம்கள் அவர்கள் மூலம் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. உங்களுக்கு மலையாளம் பேச வருமென்றால் பயோடேட்டாவில் மேலேயே எழுதுங்கள். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை லைன் பார்க்க ஆள் தேடும் நிறுவனத்துக்கு, இரண்டு மொழியும் தெரிந்த பையன் மிகவும் வேண்டியவன்.