தலையாட்டி பொம்மையும் பாடம் நடத்தும்

கோபம் வந்தால் அடிக்கவோ அழவோ மட்டுமே தெரிந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் "கோபப்படாதே" என்பது வீண். உருண்டை அடியுள்ள தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எதிரே வைத்துச் சாய்த்துவிடலாம். அடிப்பாகம் கனமென்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். ஆட்டம் அடங்கும்வரை மூச்சை எண்ணச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்கலாம்: வந்தது கோபமா, ஏமாற்றமா, வெட்கமா? பல பிள்ளைகளுக்கு மூன்றும் 'கோபம்'தான்.

பொறுமைக்குப் பாட்டி வீட்டுப் பல்லாங்குழி போதும். 14 குழி, இரண்டு பேர். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எதிராளி குழியில் நான்கு சோழி சேர்ந்து 'பசு' ஆனால், அவர் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கக் கூடாது. தோற்கவும் பழக்கம் வேண்டுமே! செல்போன் பல்லாங்குழியில் இதெல்லாம் நடக்காது, எதிரே முகமில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று காவிரி டெல்டாவின் திருக்குவளையிலிருந்துதான் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிறர்மேல் அக்கறை காட்டப் பழக அந்தப் பந்தியும் ஒரு வகுப்பறையே. தண்ணீர் ஊற்றும் வேலையை நாளுக்கொரு பிள்ளையிடம் கொடுக்கலாம். "இன்னிக்கு யார் வரலை, ஏன்?" என்று பிள்ளைகளையே விசாரிக்கவிடலாம்.

நடவு நாட்களில் அம்மா விடியுமுன் வயலுக்குப் போய்விடுவார். ராத்திரி சோறு போடும்போது ஐந்து நிமிடம் கிடைக்கும். மார்க் விசாரணைக்கு முன்னால், "இன்னிக்கு யாரோட விளையாடின?" என்று கேட்கலாம்.