பட்டுக்கு வந்த பங்காளி

பட்டுப் புடவையில் அங்கங்கே ஓட்டை. மடிப்பைப் பிரித்தால் வால் பக்கம் முடிக்கற்றையோடு பழுப்புப் புழுக்கள். அந்துருண்டை போட்டும் போகவில்லையே, இது என்ன பூச்சி? – வாசகி, கும்பகோணம்

நீங்கள் சொல்லும் வால்முடி அட்டாஜீனஸ் வண்டுகளின் புழுவுக்கு உரியது. வெப்ப நாடுகளில் பரவியிருக்கும் அட்டாஜீனஸ் ஃபேசியேட்டஸாக இருக்கலாம். வளர்ந்த வண்டின் கறுத்த முதுகில் குறுக்கே வெளிறிய பட்டை இருக்கும். கிடங்குக் கோதுமையைத் தின்னும் இதன் உறவுக்கார வண்டைப் பற்றி ஆராய்ச்சிகள் ஏராளம். புடவை தின்னும் இதற்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. துணி இதன் முதல் உணவே அல்ல. உதிர்ந்த இறகு, காய்ந்த பூச்சி, செத்த பல்லி ஆகியவற்றைத் தின்று தீர்ப்பதுதான் பிறவித் தொழில். பட்டும் அவற்றைப் போலப் புரதம் என்பதால் வாய் வைக்கிறது. ஆகவே பீரோவை மட்டும் துடைத்தால் தீராது. வெண்டிலேட்டரில் புறாக்கூடு, டியூப்லைட் மூடிக்குள் செத்த ஈசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பருத்திச் சேலையையும் கடிக்கிறதே என்பீர்கள். அங்கே அதை இழுப்பது வியர்வையும் குழம்புக் கறையும்தான். துவைத்து உலர்த்தியே உள்ளே வையுங்கள். அந்துருண்டையின் ஆவி, காற்றுப் புகாத பெட்டியில் அடர்ந்து தேங்கினால்தான் கொல்லும். தினமும் திறந்து மூடும் பீரோவில் வாசனைதான் மிச்சம். பட்டை உதறி, பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள், முட்டையும் சாகும். எடுத்ததும் ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள், ஜரிகையில் ஈரம் கோத்துவிடும். அதற்குள் பீரோ இடுக்குகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள்.