வீட்டில் குஞ்சு பொரிப்பான்: கருவியின் விலையும் குஞ்சின் விலையும்

2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டிலுள்ள கோழியினப் பறவைகளின் எண்ணிக்கை 85 கோடியே 18 இலட்சமாகும். இவற்றுள் 31 கோடியே 70 இலட்சம் பறவைகள் வீட்டுக் கொல்லைகளில் வளர்க்கப்படுபவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் வணிகப் பண்ணைக் கோழிகள் 4.5 சதவீதம் மட்டுமே பெருகின. கொல்லைக் கோழிகளோ ஏறத்தாழ 46 சதவீதம் பெருகின. கொல்லைக் கோழியைப் பெரும்பாலும் பெண்களே வளர்க்கின்றனர். நிலமில்லாத குடும்பத்திலும் அவசரச் செலவுக்குக் கைகொடுக்கும் சிறு சேமிப்பு அதுவே.

கொல்லையில் வளரும் நாட்டுக் கோழிக்குக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? பெரிய குஞ்சு பொரிப்பகங்கள் பெரும்பாலும் வணிகப் பண்ணைகளின் தேவையையே நிறைவு செய்கின்றன. கிராம வீடுகள் இன்றும் அடைக்கோழியையே நம்பியிருக்கின்றன. ஐம்பது முதல் இருநூறு முட்டைகள் வரை கொள்ளும் சிறிய மின் பொரிப்பான்கள் இப்போது சந்தையில் கிடைப்பதால், அவற்றை மானிய விலையில் வீடுகளுக்கு வழங்கலாமா என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண, கருவியின் இயக்கத்தையும் அதன் பொருளாதாரத்தையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும்.

அடைக்கோழிக்கும் செலவு உண்டு

அடைக்கோழி செலவில்லாமல் குஞ்சு பொரித்துத் தருவதாகக் கருதுவது வழக்கம். இக்கருத்து முழுமையானதன்று. ஒரு நாட்டுக் கோழி ஒரு தடவையில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளையே நன்கு மூடி அடைகாக்க இயலும். இருபத்தொரு நாள் அடைகாத்த பின்னும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ந்து வளர்க்கப் பல வாரங்கள் ஆகின்றன. அக்காலம் முழுவதும் அது முட்டை இடுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் அறுபது முட்டைகளே இடும் கோழிக்கு இது சிறிய இழப்பன்று.

முட்டைகளை எடுத்துப் பொரிப்பானில் வைத்து, கோழியின் அடையையும் தெளிய வைத்தால், அது விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். ஒரே வயதுடைய குஞ்சுகள் ஒரே நாளில் பல கிடைப்பது மற்றொரு நன்மை. தீவனம், தடுப்பூசி, விற்பனை ஆகிய மூன்றையும் இது எளிதாக்குகிறது.

கருவி செய்ய வேண்டிய பணி

செயற்கை முறையில் குஞ்சு பொரித்தல் புதியதன்று. எகிப்திலும் சீனாவிலும் மண்ணாலும் செங்கல்லாலும் கட்டிய அடுப்பறைகளில் பழங்காலத்திலேயே முட்டைகள் பொரிக்கப்பட்டன. கருவி எதுவாயினும் அடைக்கோழி அளிக்கும் நான்கையும் அது அளித்தாக வேண்டும். அவை வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், முட்டையைத் திருப்புதல் என்பனவாகும்.

விசிறி பொருத்திய பொரிப்பானில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் மேலும் கீழும் வெப்பம் வேறுபடும். ஆகவே முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளந்து, சுமார் 38.5 டிகிரி இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சில மணி நேரம் வெப்பம் குறைவதைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மிகை வெப்பத்தைத் தாங்காது. மின்சாரம் தடைப்பட்டால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் மூடியே வைப்பதும், காற்றுத் துளைகளை அடைக்காமல் கம்பளியால் போர்த்துவதும் தக்க செயல்களாகும்.

இந்தப் பெட்டிகளால் வெப்பமூட்ட இயலுமேயன்றிக் குளிரூட்ட இயலாது. கோடையில் வடஇந்தியச் சமவெளியில் வெளி வெப்பம் 45 டிகிரியை எட்டும் நாட்களில், தகரக் கூரை வீட்டில் வைத்த பொரிப்பான் முட்டைகளை அவித்துவிடக்கூடும். வீட்டின் மிகக் குளிர்ந்த அறையே அதற்கு உரிய இடம்.

ஈரப்பதம் முதல் பதினெட்டு நாட்களில் 50 முதல் 60 சதவீதமாகவும், கடைசி மூன்று நாட்களில் 65 முதல் 75 சதவீதமாகவும் இருக்க வேண்டும். முட்டையிலுள்ள நீர் சிறிது சிறிதாக ஆவியாகி, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாக வேண்டும். குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்த அறையில்தான். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுக்கும்; கடைசி நாட்களில் ஈரம் குறைந்தால் உட்சவ்வு காய்ந்து குஞ்சைப் பிணித்துவிடும்.

முதல் பதினெட்டு நாட்கள், நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று முறை முட்டைகளைத் திருப்ப வேண்டும். திருப்பாவிடில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நாளுக்குப் பின் திருப்புதல் கூடாது. பெட்டியைத் திறப்பதையும் தவிர்க்க வேண்டும்.

முட்டையில் தொடங்கும் வெற்றி

சேவலின்றி வளரும் பண்ணைக் கோழிகளின் முட்டையில் கரு இராது. கடையில் வாங்கிய அத்தகைய முட்டையை எக்கருவியும் பொரிக்காது. நாட்டுக் கோழிகளில் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற விகிதம் போதுமானது. அச்சேவலை ஆண்டுதோறும் வேற்றூர்ச் சேவலாக மாற்றினால் உறவு இனச்சேர்க்கையின் தீங்கைத் தவிர்க்கலாம்.

இட்ட முட்டையை ஏழு நாட்களுக்குள் அடை வைக்க வேண்டும். கோடையில் மூன்று நான்கு நாட்களே தகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஏறினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும். ஈர மணலில் பதித்த மண்பானை, குளிர்பதன வசதியற்ற வீட்டுக்கு ஏற்ற எளிய சேமிப்பு முறையாகும். முட்டையின் கூர்முனை கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். விரிசல் விட்டவையும் மிகுந்த அழுக்குடையவையும் விலக்கத்தக்கவை.

இனத் தேர்வும் இங்குக் கருதத்தக்கது. வனராஜா, கிராமப்பிரியா போன்றவை ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனம் கொல்லை வளர்ப்புக்கென உருவாக்கிய கலப்பினங்கள். அவற்றின் முட்டைகளை வீட்டில் பொரித்தால், அடுத்த தலைமுறை தாயின் தகுதிகளை முழுமையாகப் பெறாது. அத்தகைய குஞ்சுகளை உரிய பொரிப்பகங்களிலிருந்து பெறுவதே முறை. அசீல், கடக்நாத் போன்ற நாட்டு இனங்களைப் பெருக்கவே வீட்டுப் பொரிப்பான் ஏற்றது.

ஏழாம் நாள் சோதனை

அடை வைத்த ஏழாம் நாள், இருட்டறையில் விளக்கொளியின் முன் முட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிவந்த நரம்புகள் சிலந்தியைப் போல் பரவியிருந்தால் கரு வளர்கிறது. முட்டை தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அதில் கரு கூடவில்லை. தெளிந்த முட்டைகள் மிகுந்தால் குறை சேவலிடமோ சேமிப்பு முறையிலோ இருக்கக்கூடும். கரு நன்கு வளர்ந்து கடைசி வாரத்தில் மடிந்தால் முதலில் வெப்பத்தையும் ஈரத்தையும் ஆராய வேண்டும். பொரிப்பு குறைந்தவுடன் கருவியைப் பழிக்கும் வழக்கத்துக்கு இச்சோதனை ஒரு மாற்று மருந்தாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

நூறு முட்டை கொள்ளும் பொரிப்பானின் விலை 8,000 ரூபாய் எனவும், அது ஐந்தாண்டு உழைக்கும் எனவும், ஆண்டுக்குப் பத்து முறை பயன்படும் எனவும் கொள்வோம். ஒரு முறைக்குரிய தேய்மானம் 160 ரூபாய். முட்டை ஒன்று 10 ரூபாய் வீதம் 1,000 ரூபாய். சராசரியாக 100 வாட் மின்சாரம் 21 நாட்களுக்குச் செலவானால் சுமார் 50 யூனிட் ஆகும். யூனிட் 6 ரூபாய் வீதம் 300 ரூபாய். ஆக மொத்தம் 1,460 ரூபாய். இவை யாவும் விளக்கத்துக்காகக் கொண்ட விலைகளே. வீட்டாரின் உழைப்பு இதில் சேரவில்லை.

நூறு முட்டைகளில் 85 கருக்கூடி, அவற்றுள் 70 பொரித்தால், குஞ்சு ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 21 ரூபாய். 50 மட்டுமே பொரித்தால் 29 ரூபாய். 35 ஆகக் குறைந்தால் 42 ரூபாய்.

இனி, அரசு கருவியை முற்றிலும் இலவசமாக வழங்கியதாகக் கொள்வோம். செலவு 1,300 ரூபாயாகக் குறையும். அப்போதும் 50 குஞ்சுகளே பொரித்தால் அடக்கவிலை 26 ரூபாய். அதாவது இலவசக் கருவியில் குறைவாகப் பொரித்த குஞ்சைவிட, முழு விலை கொடுத்து வாங்கிய கருவியில் நன்கு பொரித்த குஞ்சே மலிவானது. குஞ்சின் விலையைப் பெரிதும் நிர்ணயிப்பது பொரிப்பு விகிதமே என்பதை இக்கணக்கு புலப்படுத்துகிறது.

பயன்பாட்டின் அளவும் இதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. பத்துக் கோழிகள் உள்ள வீட்டில், கோழிக்கு ஆண்டுக்கு அறுபது முட்டை வீதம், வாரத்துக்குப் பன்னிரண்டு முட்டைகளே கிடைக்கும். ஒரே வாரத்தில் நூறு முட்டைகள் சேர வேண்டுமாயின் எண்பதுக்கும் மேற்பட்ட கோழிகள் தேவை. தனி வீட்டில் கருவி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஆண்டுக்கு இரு முறை மட்டுமே அது பயன்பட்டால், ஒரு முறைக்குரிய தேய்மானம் 800 ரூபாயாக உயரும். 70 குஞ்சுகள் பொரித்தாலும் அடக்கவிலை 30 ரூபாயாகிவிடும். ஆகவே, பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு பொரிப்பான் என்பதே பொருந்தும் அளவு.

இருபத்தொன்றாம் நாளுக்குப் பின்

பொரித்த குஞ்சுக்குத் தாய் இல்லை என்பதைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது. முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குச் சுமார் 35 டிகிரி வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருங்கிக் குவிந்தால் வெப்பம் போதவில்லை; விலகி ஓரங்களுக்கு ஓடினால் வெப்பம் மிகுதி. வீட்டில் அடைக்கோழி ஒன்று இருப்பின், இரவில் அதன் இறக்கையின் கீழ்க் குஞ்சுகளைச் சேர்த்துவிடலாம். பெரும்பாலும் அது தன் குஞ்சுகளாகவே ஏற்று, மின்செலவின்றி வளர்த்துவிடும்.

நோய்த் தடுப்பு இதனினும் இன்றியமையாதது. 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இராணிக்கெட் நோய் என நம் நாட்டில் பெயர்பெற்ற வெள்ளைக் கழிச்சல், ஒரே வாரத்தில் ஒரு சிற்றூரின் கோழிகளை அழிக்க வல்லது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ இடும் சொட்டு மருந்தும், எட்டாவது வார அளவில் போடும் ஊசியும் அதனைத் தடுக்கும். ஆயினும் மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுகளுக்கோ அதற்கு மேலோ உரியது. கரைத்த மருந்தைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எட்டுக் குஞ்சுகளுக்காக ஒரு குப்பியைத் திறக்க எவரும் முன்வருவதில்லை. ஒரே நாளில் எழுபது குஞ்சுகள் பொரிக்கும் தெருவில் இத்தடை நீங்குகிறது. கூட்டுப் பொரிப்பானின் பெரும்பயன் இதுவே எனலாம்.

பல வீட்டு முட்டைகள் ஒரே பெட்டியில் சேர்வதால் நோய் பரவும் வாய்ப்பும் உண்டு. தாய்க் கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குத் தொற்றும் நோய்கள் இருப்பதால், நோயுற்ற கோழியின் முட்டையை ஏற்காதிருத்தலும், ஒவ்வொரு முறைக்குப் பின்னும் பெட்டியைக் கழுவிக் கிருமிநாசினியால் தூய்மை செய்தலும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

திட்டத்துக்குரிய படிப்பினைகள்

2021-22ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், ஆயிரம் தாய்க்கோழிகளைக் கொண்ட பண்ணையும் பொரிப்பகமும் அமைக்கும் தொழில்முனைவோருக்கு 50 சதவீத மூலதன மானியத்தை, 25 இலட்சம் ரூபாய் உச்சவரம்புடன் அளிக்கிறது. அந்த அளவுக்கும் தனி வீட்டுக்கும் இடையே ஒரு படி தேவைப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் இயங்கும் நூறு முட்டைப் பொரிப்பான் அப்படியாக அமையலாம்.

அதன் கட்டண முறையைக் கருதிப் பார்த்து வகுக்க வேண்டும். முட்டையின் மீது வீட்டின் அடையாளத்தைப் பென்சிலால் குறித்து, அடை வைக்கும் ஒவ்வொரு முட்டைக்கும் சிறு தொகையும், பொரித்த ஒவ்வொரு குஞ்சுக்கும் சற்றுப் பெரிய தொகையும் பெறலாம். அப்போது கருவற்ற முட்டையைக் கொடுத்தவர் தம் பங்கை ஏற்பார். வெப்பத்தைக் கவனியாத பொறுப்பாளர் தம் கூலியை இழப்பார். இழப்பு அதற்குக் காரணமானவரைச் சேரும்போதுதான் கவனம் பிறக்கும்.

ஆகவே, எத்தனை பொரிப்பான்கள் வழங்கப்பட்டன என்பதை மட்டும் கொண்டு இத்தகைய திட்டத்தின் வெற்றியை அளத்தல் பொருந்தாது. அடை வைத்த முட்டைகள், ஏழாம் நாளில் கருக்கூடியவை, இருபத்தொன்றாம் நாளில் பொரித்தவை, எட்டாவது வாரத்தில் உயிருடன் இருப்பவை ஆகிய நான்கு எண்களையும் ஒவ்வொரு குழுவும் ஒரு பதிவேட்டில் எழுதிவருதல் வேண்டும். முதல் மூன்று எண்கள் குறை எங்குள்ளது என்பதைக் காட்டும். நான்காவது எண்ணே அந்த வீட்டுப் பெண்ணின் வருவாய்.