கொசுறு வாங்கலாமா?

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை நாம் பயான்களில் விளக்கும்போதெல்லாம் கடைக்காரர்கள்தாம் தலை குனிகிறார்கள். வாங்க வருவோர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். 36 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தின் தொடக்கமோ, தனக்கு வரவேண்டியதை நிறைவாக வாங்கிக்கொண்டு பிறருக்குச் சேரவேண்டியதைக் குறைக்கும் எவரையும் பற்றியது. வாங்குபவர் கொடுக்கும் காசும் பிறருக்குச் சேரவேண்டியதுதானே!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் வீட்டாருடனும் பிள்ளைகளுடனும் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு வாரச்சந்தைக்குப் போயிருந்தோம். சாக்கை விரித்து நிலக்கடலையைக் குவித்து வைத்திருந்தார் ஒரு மூதாட்டி. ருசி பார்க்க நாம் இரண்டு உடைத்தோம், வீட்டாரும் எடுத்தார்கள், நம் ஏழு வயது மகளோ கை நிறைய அள்ளிக்கொண்டாள். விலை ஒத்துவரவில்லை, நகர்ந்துவிட்டோம். நாலு கடை தள்ளிக் கறிவேப்பிலைக்குக் கை நீட்டியபோது மகள் கேட்டாள்: “அத்தா, அந்தப் பாட்டிக்குக் கடலைக்குக் காசு கொடுக்கலையே?”

கிதாபு ஓதி ஸனது பெற்ற நமக்கு உடனே பதில் வரவில்லை.

விற்பவர் தாமாக அள்ளிப் போடும் கொசுறு ஹலாலானது. அது அவருடைய அன்பளிப்பு. கேட்டு, அவர் மனம் ஒப்பிக் கொடுத்தாலும் குற்றமில்லை. ருசி பார்ப்பதற்கும் வழக்கத்தில் இடமுண்டு. வாங்கும் எண்ணத்தோடு ஒன்றிரண்டு எடுப்பதை எந்த வியாபாரியும் தடுப்பதில்லை. பிடி பிடியாக அள்ளுவது அந்த வழக்கத்தில் சேராது. “அவர் ஒன்றும் சொல்லவில்லையே” என்பார்கள். வாடிக்கை போய்விடுமே என்ற அச்சத்தில் வாய் மூடியிருப்பது சம்மதமாகுமா? வெட்கத்துக்கு ஆளாக்கி ஒருவரிடமிருந்து பெறுவது பறித்ததற்கு ஒப்பாகும் என்றே ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். விற்பவர் முஸ்லிமல்லாதவர் என்பதனால் இச்சட்டம் தளர்ந்துவிடாது. எடுத்தது குழந்தையென்றாலும் பொருளுக்கு உரியவரின் ஹக்கு போய்விடாது.

பேரம் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாகப் பேசலாம், பெருமானார் (ஸல்) அவர்களும் பேசியிருக்கிறார்கள். ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அவர்களும் ஒரு கூட்டாளியும் ஹஜரிலிருந்து மக்காவுக்குத் துணி கொண்டுவந்தபோது, நபியவர்கள் நடந்துவந்து ஒரு கால்சட்டைக்கு விலை பேசினார்கள். அந்நாளில் விலையாக வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள். அதற்கெனக் கூலிக்கு நிறுப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். அவரிடம், தட்டு தாழும்படி கூடுதலாகவே நிறுக்குமாறு நபியவர்கள் சொன்னார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவான ஹதீஸ் இது. கவனியுங்கள்: நபியவர்கள் அங்கே வாங்குபவர்! நாமோ வாங்குபவராக இருந்தால் விற்பவரின் தட்டு தாழவேண்டும் என்கிறோம். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலை பேசி வாங்கியபோதும் பேசியதைவிடக் கூட்டியே கொடுத்தார்கள். ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பித் தந்தார்கள்.

பேரம் படிந்த பிறகு சில்லறை இல்லையென்று ஐந்து ரூபாயைக் குறைத்துக் கொடுத்துவிட்டு நடப்பதைச் சந்தையில் சாதாரணமாகக் காண்கிறோம். விற்பவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலொழிய அந்த ஐந்து ரூபாய் கடன்தான்.

மகளை அழைத்துக்கொண்டு திரும்பிப் போனோம். மூதாட்டி சிரித்தார். “புள்ள தின்னதுக்குப் போய்க் காசா பாய்? போங்க.” அவர் மன்னித்துவிட்டதால் கடன் தீர்ந்தது. ஆனாலும் அரைப்படி கடலை வாங்கினோம், அவர் சொன்ன விலைக்கே. அளந்து போட்டவர், தாமாகவே மேலும் ஒரு கை அள்ளி மகளின் மடியில் போட்டார். அவள் நம் முகத்தைப் பார்த்தாள். “இது உனக்கு ஹலால், தின்னும்மா” என்றோம்.

வந்தவர் அடுத்த வாரம் வராமற்போனால் என்ன செய்வது? அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் விசாரித்துத் தேடவேண்டும். எவ்வளவு தேடியும் கிடைக்காது என்றான பிறகே, உரியவரின் பெயரால் அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுக்கலாம். பிறகு அவர் வந்து கேட்டால் மீண்டும் கொடுக்கவேண்டும் என்ற நிய்யத்தோடு கொடுக்கவேண்டும்.