இலைசோசோம் நோய்களை ஆராய வரும் பிள்ளைகளுக்கு

சண்டிலிப்பாயிலும் அயலூர்களிலும் உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுப் பரம்பரை நோய் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கலத்துக்குள் கழிவை உடைக்கும் சிறு பை இலைசோசோம். அங்கே ஒரு நொதியம் பழுதானால் உடைபடாத பொருள் தேங்கும். ஈரலும் மண்ணீரலும் வீங்கும், எலும்பு கோணும், சில நோய்களில் மூளையும் கெடும். இவ்வகையில் ஐம்பது நோய்களுக்கு மேல் உண்டு.

1. முதலில் உறவுமுறை கேட்கப் பழகுங்கள். இவற்றில் பெரும்பாலானவை தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே பரம்பரை அலகுப் பழுது இருந்தால் வருபவை. அவர்கள் இருவரும் சுகமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடும். இவ்வகையில் ஒன்றான ஹன்டர் நோயோ தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. அங்கே தாய்மாமன்மாரில் சிறுவயதில் இறந்தவர் உண்டா என்று கேளுங்கள். "மச்சானைக் கட்டினதால் வந்த வினை" என்ற பேச்சு மட்டும் உங்கள் வாயில் வரக்கூடாது. அந்தத் தாய் அதை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பாள்.

2. ஒரே ஒரு நொதிய அளவீட்டை வைத்து நோய் என்று சொல்லாதீர்கள். வெண்குருதிக் கலங்களைப் பிரித்து, நொதியம் வெட்டினால் நீலமாக ஒளிரும் பொருளைச் சேர்த்து அளப்பது வழமை. சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரத்தத்தில் நொதியம் வழியிலேயே செத்துவிடலாம். ஆகவே அதே மாதிரியில் இன்னொரு நொதியத்தையும் அளவுங்கள். அதுவும் குறைந்திருந்தால் மாதிரிதான் கெட்டது, பிள்ளைக்கு நோய் என்று முடிவுகட்ட முடியாது. அரைல்சல்பற்றேஸ் ஏ என்ற நொதியம் குறைவாக இருந்தும் முழுச் சுகமாக வாழ்பவர்கள் உண்டு. பரம்பரை அலகின் விகாரத்தையும் பார்த்த பிறகே எழுத்தில் கொடுங்கள்.

3. ஒரு நோயைப் பிடித்தால் விடாதீர்கள். இலைசோசோம் நோய்களில் ஒன்றான பொம்பே நோயை 1932இல் விவரித்தார்கள். ஆய்வாளர் டி டூவே இலைசோசோமைக் கண்டது 1955இல். பொம்பே நோய்க்குக் காரணம் இலைசோசோம் நொதியக் குறைபாடே என்று ஆய்வாளர் ஹேர்ஸ் காட்டியது 1963இல். மருந்து வந்தது 2006இல். இன்னொரு இலைசோசோம் நோயான கோஷே நோய்க்கு றொஸ்கோ பிறேடி 1960களில் காரணம் கண்டார், 1991இல் மருந்து அங்கீகாரம் பெற்றது. அந்த முதல் மருந்தை ஆயிரக்கணக்கான சூல்வித்தகங்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

4. இந்த நோய்களை ஆராய்ந்த எலிசபெத் நொயஃபெல்டின் 1968ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படியுங்கள். ஹேர்லர், ஹன்டர் என்ற இருவேறு இலைசோசோம் நோய்கள் உள்ளவர்களின் தோற்கலங்களை ஒன்றாக வளர்த்தபோது ஒன்றில் இல்லாததை மற்றது கொடுக்க, இரண்டின் குறையும் தீர்ந்தது. வெளியிலிருந்து நொதியம் கொடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அது பெரும் பலம்.

5. தமிழில் விளக்கத் தெரியாத ஆய்வாளராக இருக்காதீர்கள். பக்கத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். இரத்தம் எடுக்கமுன், எதற்கு எடுக்கிறோம் என்பதை அம்மம்மாவுக்கும் விளங்கச் சொல்லுங்கள்.

6. பிள்ளை போய்விட்டாலும் முடிவுத் தாளைக் கிடப்பில் போடாதீர்கள். ஹேர்லர் நோய்க்கு எலும்பு மச்சை மாற்றத்தை ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் செய்தால்தான் மூளைக்கு நல்ல பயன். அடுத்த பிள்ளைக்கு அந்தக் காலம் தப்பாமல் கிடைக்க, முடிவை அந்தத் தாயிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.