குதிரைவாலிக்கு டெல்லியில் என்ன பெயர்?

கரிசல் காட்டிலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மழையைப் பற்றியோ விலையைப் பற்றியோதான் இருக்கும். இந்த மாதம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வாசகர்கள் கூகுளைப் பிடித்துக்கொண்டார்கள். கடைக்கு வெப்சைட் போட்டாகிவிட்டது. அதில் எதை எழுதுவது, எந்த சாஃப்ட்வேர் வழி காட்டும் என்பதே எல்லோருடைய கேள்வியும்.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வத்தல், குதிரைவாலி, கொத்தமல்லி வியாபாரம் செய்கிறது. போன வருடம் மகன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். பார்சல் போகிறது, ஆனால் தெரிந்தவர்கள்தான் வாங்குகிறார்கள். என்ன எழுதினால் கூகுளில் முன்னால் வரும் என்று சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்றில் 'விருதுநகர் சம்பா வத்தல்' என்று போட்டுப் பார்த்தோம். மாதம் தேடுகிறவர்கள் பூஜ்யம் என்று காட்டுகிறது. அப்படியென்றால் அதைப் பற்றி எழுதுவதே வீண்தானா?
— வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: வீணில்லை. அந்தப் பூஜ்யத்தை அப்படியே நம்பவும் வேண்டாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்க்கலாம். கூகுளின் கீவேர்டு பிளானர், விளம்பரம் கொடுப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி. விளம்பரத்துக்குப் பணம் கட்டாத கணக்குக்கு அது துல்லியமான எண் காட்டாது. '10 முதல் 100 வரை', '100 முதல் 1,000 வரை' என்று தோராயமாகச் சொல்லும். செம்ரஷ், ஏஹ்ரெஃப்ஸ் போன்ற கட்டணக் கருவிகள் தருவதும் மதிப்பீடுதான். ஆங்கிலத்தில் கோடிக்கணக்கில் நடக்கும் தேடலுக்கு அந்த மதிப்பீடு ஓரளவு சரியாக வரும். தமிழ் எழுத்தில், ஒரு மாவட்டத்துச் சரக்கின் பெயரை மாதம் ஐம்பது பேர் தேடினால் அதன் கண்ணில் படாமலே போய்விடலாம். லாரி எடை மேடையில் ஒரு படி வத்தலை வைத்தால் எண் மாறாது. அதற்காக வத்தலுக்கு எடை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. தினமும் தேடப்படுவனவற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் இதற்கு முன் ஒருவருமே தேடாதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அந்தப் பதினைந்து எந்தக் கருவியின் பட்டியலிலும் இருக்காது.

எண்ணை விடப் பெரிய சிக்கல் பெயர்.

விருதுநகர் பக்கம் 'வத்தல்' என்றால் மிளகாய் வத்தல்தான், கேள்வியே கிடையாது. சென்னையில் அதே சொல்லைச் சொன்னால் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் நினைவுக்கு வரும். அங்கே உங்கள் சரக்குக்குப் பெயர் 'காய்ந்த மிளகாய்'. கோயம்புத்தூரில் 'வரமிளகாய்'. 'சம்பா' என்று மட்டும் தேடினால் அரிசியும் கோதுமை ரவையும் முன்னால் வந்து நிற்கும். இத்தனைக்கும் நடுவில் உங்கள் வெப்சைட்டில் 'நயம் சம்பா வத்தல்' என்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், கோவைக்காரர் அதைக் காண வழியே இல்லை. கருவியின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். மூன்று பெயரையும் கூகுள் ட்ரெண்ட்ஸில் போட்டு, தமிழ்நாடு என்று எல்லை வைத்து ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து சொல் வரை ஒப்பிடலாம், காசு கிடையாது. ட்ரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையான எண் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே பக்கத்தில், இயல்பான வாக்கியங்களில், எந்த ஊரில் என்ன பெயர் என்று எழுதிவிடலாம். பெயருக்கு ஒரு பக்கம் என்று மூன்று பக்கம் போட வேண்டியதில்லை.

இதில் ஒரு சட்ட விஷயமும் உண்டு. விருதுநகர் சம்பா வத்தலுக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-லேயே வந்துவிட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது வாங்குபவருக்கு இயல்பாக எழும் கேள்வி. முண்டு உருண்டை, தடித்த தோல். சம்பா நீளம், ஒல்லி. இரண்டையும் கையாண்டு பழகிய வியாபாரக் குடும்பத்துக்கு இதை விடப் பொருத்தமான பக்கம் கிடையாது. ஆனால் 'புவிசார் குறியீடு பெற்றது' என்று உங்கள் பாக்கெட்டின் மீதும் வெப்சைட்டிலும் போட்டுக்கொள்வதற்கு முன், 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. எந்தக் கீவேர்டு கருவியும் இதை உங்களுக்குச் சொல்லாது.

குதிரைவாலிக்கு வருவோம். வாசகி கேட்காவிட்டாலும், அவர் கையில் இருக்கும் சரக்குகளில் சாஃப்ட்வேரால் அதிகம் லாபம் பெறக்கூடியது இதுதான்.

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி மானாவாரி நிலங்களில் விளைகிற இந்தத் தானியத்துக்கு ஆந்திரத்தில் 'ஊதலு', உத்தராகண்டில் 'ஜங்கோரா'. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் 'சமக்' அல்லது 'வ்ரத் கே சாவல்', அதாவது விரத அரிசி. நவராத்திரி ஒன்பது நாளும் அரிசி, கோதுமையை ஒதுக்குகிற வட இந்தியக் குடும்பங்கள் இதைத்தான் பொங்கிச் சாப்பிடுகின்றன. நமக்கு நவராத்திரி என்றால் புரட்டாசிக் கொலு மட்டும். அவர்களுக்கு ஆண்டில் இரண்டு, மார்ச்–ஏப்ரலில் ஒன்று, செப்டம்பர்–அக்டோபரில் ஒன்று. ட்ரெண்ட்ஸில் 'சமக்' அரிசியின் பெயரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தட்டி, இந்தியா முழுக்க, ஐந்து வருடத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். அந்த இரண்டு பருவமும் தனியாகத் தெரியும்.

இப்போது நம் ஊர்ப் பட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரட்டாசி மழையை நம்பி விதைத்த குதிரைவாலி மூன்று மாதப் பயிர். தை ஒட்டிக் களத்துக்கு வரும். உமி நீக்கி, சலித்து, பாக்கெட் போட மாசி. வடக்கே பங்குனியில் விரதம். புதுச் சரக்கு கையில் இருக்கும்போதே தேடலும் ஏறுகிறது. ஆனால் பக்கத்தை மார்ச் மாதத்தில் எழுதினால் பயனில்லை. வெப்சைட்டில் செய்த மாற்றத்தின் பலன் தெரியச் சில மணி நேரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம் என்பது கூகுளின் சொந்த விளக்கம். கதிர் பால் பிடிக்கும் மார்கழியிலேயே ஆங்கிலத்தில் ஒரு பக்கம், முடிந்தால் இந்தி தெரிந்த ஒருவரை வைத்து இந்தியில் ஒரு பக்கம் ஏறிவிட வேண்டும். எந்த மண்ணில் விளைந்தது, எப்படி உமி நீக்கப்பட்டது, ஒரு டம்ளருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், டெல்லிக்கு எத்தனை நாளில் பார்சல் போய்ச் சேரும் என்பவை அதில் இருக்கட்டும். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எல்லோரும் சிறுதானியத்தின் பெருமையை எழுதித் தள்ளினார்கள். டம்ளர் கணக்கு எழுதியவர்கள் குறைவு.

ஓர் எச்சரிக்கை. 'குதிரைவாலி' என்று தட்டினால் கருவிகள் கூடவே சர்க்கரை நோயையும் எடை குறைப்பையும் பரிந்துரைக்கும். அவற்றைத் தேடுகிறவர்கள் அதிகம் என்பதால் பட்டியலின் உச்சியில் இருக்கும், ஆசையும் வரும். 'சர்க்கரையைக் குணமாக்கும்' என்று ஒரு வரி எழுதினால் அது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளுக்கு எதிரானது. தவறான விளம்பரத்துக்குச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. அந்தச் சொற்களைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

கட்டணக் கருவி வாங்கலாமா? முழு வசதியுள்ள திட்டங்கள் மாதம் நூறு டாலரைத் தாண்டுகின்றன. வத்தல் கடைக்கு முதல் வருடம் அது தண்டச் செலவு. அதற்குப் பதில் கூகுள் சர்ச் கன்சோலில் வெப்சைட்டைப் பதிந்துகொள்ளுங்கள், இலவசம். உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடலில் தலை காட்டியது, எத்தனையாவது இடத்தில் நின்றது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைப் பதினாறு மாதம் வரை வைத்திருக்கும். மற்றவை மதிப்பீடு என்றால் இது உங்கள் கடைக் கணக்கு. பத்தாம் இடத்திலிருந்து இருபதாம் இடம் வரை நிற்கிற தேடல்களைப் பொறுக்கி, அந்தப் பக்கங்களில் விட்டுப்போன பதிலைச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே லாபமான வேலை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டையும் போட்டு வையுங்கள். காம்பு கிள்ளியதா, கிலோவுக்கு எவ்வளவு தூள் தேறும், வண்டு விழாமல் எப்படி வைப்பது என்று போனில் கேட்பதையெல்லாம் கேட்டவரின் சொல்லிலேயே குறித்துவைத்தால், அடுத்து என்ன எழுதுவது என்று எந்த சாஃப்ட்வேரையும் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: திருச்சுழியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். எல்லோரும் மதுரையிலேயே வண்டி பிடித்து வந்துவிடுகிறார்கள். ஒரு சின்ன வெப்சைட் போட்டால் வேலைக்கு ஆகுமா?
— வாசகர், திருச்சுழி

பதில்: ஆகும், ஊர்ப்பெயரை அவர்கள் எழுதுகிற மாதிரி நீங்களும் எழுதினால். அரசுப் பதிவுகள் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் 'ழ'-வுக்கு 'எல்' எழுத்து போடுகின்றன. ரமணாசிரம வெளியீடுகளில் 'இஸட் எச்'. வெளிநாட்டுப் பக்தர் படித்து வளர்ந்தது இரண்டாவதை. பலர் ஊர்ப்பெயரே தெரியாமல் 'ரமண மகரிஷி பிறந்த இடம்' என்றுதான் தேடுவார்கள். மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எழுத வேண்டியதை ரமணரின் வாழ்க்கையே வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. 1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்தவர். 1896-இல் மரண அனுபவம் வாய்த்தது மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில். அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை. ஆகவே திருச்சுழியை மட்டும் பார்க்க வருகிறவர் குறைவு; மதுரை வீட்டையும் பிறந்த வீடான சுந்தர மந்திரத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பவரே அதிகம் இருப்பார். மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். எங்கே கிளம்புவது, திருமேனிநாதர் கோயில் நடை எப்போது சாத்துவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது என்று ஓட்டுநராக உங்களுக்குத் தெரிந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சுந்தரர் பாடிய தலம் என்பதால் தமிழ்ப் பக்தர்களுக்குத் தனியாக ஒரு பக்கம் போடலாம். அவர்கள் தேடுவது பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கையும். ரமண ஜெயந்தி மார்கழிப் புனர்பூசத்தில் வருகிறது, அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பக்கம் தயாராக இருக்கட்டும். வெப்சைட்டுக்கு முன்னால் கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். காசில்லை, மேப்பில் பெயர் வரும்.

கேள்வி: சேலை வியாபாரம். ஒரு நிறுவனம் ஏஐ வைத்து மாதம் நூறு கட்டுரை போட்டுத் தருகிறோம், எல்லாவற்றுக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் வரும் என்கிறது. நம்பலாமா?
— வாசகர், பாளையம்பட்டி

பதில்: அந்த மார்க் கூகுள் போடுவது அல்ல. ஏற்கெனவே முதல் பத்து இடத்தில் உள்ள பக்கங்களில் என்ன சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, உங்கள் கட்டுரையில் அவை இருக்கின்றனவா என்று சாஃப்ட்வேர் ஒப்பிட்டுப் போடும் மார்க். தொண்ணூறு வாங்கிய கட்டுரை அந்தப் பத்தையும் போலவே இருக்கும், அவ்வளவுதான். இத்தனை வார்த்தை எழுதினால் முன்னால் வரும் என்ற கணக்கும் கிடையாது என்று கூகுள் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஏஐ வைத்து எழுதுவதே குற்றம் என்று கூகுள் சொல்லவில்லை. ஆனால் தேடலில் இடம் பிடிப்பதற்கென்றே பக்கங்களை மொத்த உற்பத்தி செய்வதை, மனிதர் எழுதினாலும் மெஷின் எழுதினாலும், 2024 மார்ச் முதல் ஸ்பாம் கணக்கில் சேர்த்துவிட்டது. நூறு கட்டுரைக் காசில் நாலு நல்ல போட்டோக்காரரைக் கூப்பிடலாம். தறியில் ஓடுகிற சேலை, நூல் எண், சாயம் போகுமா, முதல் அலசலில் எவ்வளவு சுருங்கும் என்று அருப்புக்கோட்டைச் சேலையைப் பற்றி எழுத உங்களிடம் இருப்பது அந்த நிறுவனத்திடம் இல்லை. கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: பக்கத்தின் முகவரியையும் தமிழிலேயே வைக்கலாமா?
— வாசகர், பந்தல்குடி

பதில்: வைக்கலாம், கூகுள் படிக்கும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பல நேரம் குறியீடாக விரிந்துவிடும். 'வத்தல்' என்ற நாலெழுத்துச் சொல் 54 குறியாகும். பார்ப்பவர் மோசடி லிங்க் என்று நினைத்துத் தொட மாட்டார். முகவரி மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், தலைப்பும் உள்ளே எழுதுவதும் தமிழில். அடுத்த மாதத்துக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள், சர்ச் கன்சோலில் கடைசி மூன்று மாதம் வந்த தேடல் பட்டியலையும் கூடவே வைத்து அனுப்பினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.