இழுக்கிற நாய்க்கு எந்த பெல்ட்?

தங்கச்சி, போன வாரம் வந்தபோது உன் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தேன். நீ அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் உன் தெரு போய் முட்டுவது சி.டி.எச். ரோட்டில். காலை ஆறு மணிக்கே அங்கே லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓடும். உன் ராஜா மாதிரி வளர்ந்த ராஜபாளையம் நாய் 25 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு மாட்டையோ தெருநாயையோ பார்த்து அது பாய்ந்தால் நீயும் சேர்ந்து நடுரோட்டில் நிற்பாய். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

முதல் வேலையாக ராஜாவின் கழுத்தில் இருக்கும் சங்கிலியைக் கழற்றி வை. இழுக்க இழுக்க இறுகும் சோக் செயினைக் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதே. கழுத்தில் மாட்டி இழுத்தால் நசுங்குவது மூச்சுக்குழாய். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறுகிறது. கழுத்துப் பட்டையில் இழுத்தபோது ஏறிய அந்த அழுத்தம், உடம்பில் மாட்டும் ஹார்னஸில் இழுத்தபோது ஏறவில்லை என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. கழுத்துப் பட்டை போன் நம்பர் தொங்கவிட இருக்கட்டும், அது போதும்.

இன்னொரு சிக்கல் நம் ஊர் நாய்களுக்கே உரியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாவற்றுக்கும் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். காதைத் தாண்டிவிட்டால் பட்டையைத் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. நான் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் குடியிருந்தபோது வளர்த்த சிப்பிப்பாறை உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் லாரி டயர் வெடித்த சத்தத்துக்கு அது முன்னால் பாயவில்லை, பின்னால் போனது. ஒரே உதறல். பட்டை என் கையில், நாய் தொழிற்பேட்டை பக்கம். இரண்டு மணி நேரம் தேடி, ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்ததைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எந்த பெல்ட்டை எடுத்தாலும், பின்னால் நகர்ந்தால் கழன்றுவிடுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். இழுப்பைக் குறைக்குமா என்பது அதற்கப்புறம்.

கடையில் 'பாடி பெல்ட்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் முதுகில் வளையம் வைத்த ஹார்னஸ். அது இழுக்கிற நாய்க்கு உதவாது. மாட்டுக்கு நுகத்தடி ஏன் வைக்கிறோம்? உடம்பின் முழு பலத்தையும் கொடுத்து வண்டியை இழுக்கத்தானே. பனி நாட்டில் நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டுவதும் இந்த மாதிரி பட்டையில்தான். முதுகு வளையத்தில் கயிற்றை மாட்டினால் உன் நாய்க்கும் நுகத்தடி கிடைத்த மாதிரி. சின்ன பொமரேனியனுக்கும் பக்குக்கும் அது நல்லதுதான், மூச்சுக்குழாய் தப்பிக்கும். உன் ராஜாவுக்கு வேண்டாம்.

உனக்கு வேண்டியது மார்பில், நடு எலும்புக்கு நேராக வளையம் உள்ளது. நாய் இழுக்கும்போது உடம்பு பக்கவாட்டில் உன்னை நோக்கித் திரும்பிவிடும், பலம் போய்விடும். மார்பில் பட்டை எப்படிப் போகிறது என்று பார். தோள் மேல் குறுக்காகப் படுத்திருந்தால் முன்னங்கால் முழுதாக நீளாது. கழுத்தின் இரு பக்கமும் இறங்கி மார்பில் சேர்ந்து ஒரே பட்டையாகக் கால்களுக்கு நடுவே போவதை எடு. அதோடு வயிற்றுப் பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில், இன்னொரு பட்டை உள்ளதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. ஆழமான மார்பும் ஒட்டிய வயிறும் உள்ள நம் வேட்டை நாய்கள் பின்னால் உருவிக்கொண்டு போகாமல் பிடித்துவைப்பது அந்த இரண்டாவது பட்டைதான்.

எம், எல் என்று போட்டிருப்பதை நம்பாதே. ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எல்லாக இருக்கும். தையல் டேப்பை எடுத்துக் கழுத்தின் அடியையும், முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றையும் அள. 2005-இல் தபால்தலையில் வந்த நான்கு இந்திய நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. அப்படியும் கடையில் தொங்கும் பட்டைகளெல்லாம் லாப்ரடார் உடம்புக்குத் தைத்த மாதிரிதான் இருக்கின்றன. முடிந்தால் நாயைக் கூட்டிப்போய் மாட்டிப் பார்த்து வாங்கு. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது விரல் போகக்கூடாது. நடந்து முடித்ததும் கழற்றிவிடு. நம் புழுக்கத்தில் அக்குள் உரசிப் புண்ணாகும். ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கு அடியில் இருப்பது மெல்லிய ரோஜா நிறத் தோல், சீக்கிரம் சிவந்துவிடும். பட்டைக்கு அடியில் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்றும் தடவிப் பார்.

நீ கேட்ட ஹெட் காலருக்கு வருகிறேன். மூக்கின் மேல் ஒரு வளையம், காதுக்குப் பின்னால் ஒரு பட்டை, கயிறு தாடைக்கு அடியில். தலை திரும்பினால் உடம்பு திரும்பும், அவ்வளவுதான் சூத்திரம். குதிரைக்குக் கடிவாளம் போடுகிறவர்களுக்கும் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறவர்களுக்கும் காலம் காலமாகத் தெரிந்ததுதான் இது. இதில் மூக்கைக் குத்துவதில்லை. பலம் குறைந்தவர்கள் பெரிய நாயை நடத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் பழக்காமல் மாட்டினால் மூக்கைத் தரையில் தேய்த்து, காலால் பிறாண்டி எடுத்துவிடும். முதல் நாள் வளையத்துக்குள் சிக்கன் துண்டைக் காட்டி மூக்கைத் தானாக நுழைக்க விடு. அப்புறம் ஒரு நொடி, பத்து நொடி, வீட்டுக்குள் ஒரு சுற்று. இதற்கு இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும். இதைப் போட்டுக்கொண்டு கயிற்றை வெடுக்கென்று சுண்டவே கூடாது, கழுத்து திருகிக்கொள்ளும். சுருட்டி நீட்டும் கயிறும் ஆகாது. மூக்கே இல்லாத பக், புல்டாக் இனங்களுக்கு இது பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. பார்க்கிறவர்கள் ஹெட் காலரை வாய்ப்பூட்டு என்று நினைப்பார்கள், நீயும் அப்படி நினைத்துவிடாதே. அதைப் போட்ட நாய் வாயைத் திறக்கும், தண்ணீர் குடிக்கும், கடிக்கவும் செய்யும். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் குதறிய பிறகு ஊரே நாயோடு வருகிறவர்களைப் பயத்தோடு பார்க்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. குழந்தை எதிரே வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நில். அம்பத்தூர் பக்கம் போனால் அது சென்னை மாநகராட்சி, நீ இருப்பது ஆவடி மாநகராட்சி. உரிமமும் ரேபிஸ் ஊசிச் சீட்டும் எங்கே கேட்டாலும் காட்டுகிற மாதிரி போனில் வைத்திரு.

என் முடிவைக் கேட்டால், உன் தெருவுக்கு ஹார்னஸ்தான். முனைக்கு முனை தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வரும் இடத்தில் உன் நாய் திடீரென்று பாயும். அந்தப் பாய்ச்சலை மூக்கும் கழுத்தும் தாங்குவதைவிட மார்பு தாங்கட்டும். மார்பு வளையத்தில் ஐந்தடிக் கயிறு, கழுத்துப் பட்டைக்கும் ஹார்னஸுக்கும் நடுவே ஒரு சின்ன இணைப்புக் கொக்கி. ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடிக்கும்.

பெல்ட் மாட்டிவிட்டோம் என்று விட்டுவிடாதே. கயிறு இறுகினால் அப்படியே நில். தளர்ந்தால் நட, நடக்கும்போது உன் காலருகே ஒரு துண்டு சிக்கன் கொடு. முதல் வாரம் நாலு வீடு தாண்ட கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லை. இழுத்தால் வழி கிடைக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்ததே இத்தனை நாள் பின்னாலேயே ஓடிய நாம்தான்.

ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வருகிறேன். அதுவரை ஆன்லைனில் எதையும் ஆர்டர் போடாதே. மெயின் ரோட்டுப் பக்கமும் போகாதே.